"இந்த ஐடியை நிப்பாட்டித் தாங்க": குமரி மாவட்ட இ-சேவை மைய, மொபைல் கடை நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார், தம்பிமார், அக்கா தங்கச்சிமாருக்கு,

தோவாளையிலிருந்து நீரோடி வரை, ஆரல்வாய்மொழியிலிருந்து களியக்காவிளை வரை, இ-சேவை மையமும் பிரவுசிங் சென்டரும் மொபைல் கடையும் நடத்துகிற உங்கள் எல்லோருக்கும் இந்த மடலை எழுதுகிறோம். வருமானச் சான்று, பட்டா, ரீசார்ஜ் என்று நிற்கிற கூட்டத்துக்கு நடுவில், "இந்த பேஸ்புக்கைக் கொஞ்சம் நிப்பாட்டித் தாங்க" என்று போனை நீட்டுகிறவர்கள் எல்லா ஊர்க் கடைக்கும் வருகிறார்கள். இந்த வேலைக்குக் கட்டணப் பட்டியலும் இல்லை, படிவமும் இல்லை. அவசரத்தில் ஆப்பை மட்டும் அன்இன்ஸ்டால் செய்து கொடுத்துவிடுகிறோம். அவர்களும் நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். ஆனால் கணக்கு அப்படியே கிடக்கிறது: படம், போன் நம்பர், பிள்ளைகளின் பள்ளிப் பெயர் எல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி.

ஒரு கணக்கை மூடப் பாஸ்வேர்டு, போன் நம்பர், மின்னஞ்சல் ஆகிய மூன்று சாவிகளில் ஏதாவது கையில் இருக்க வேண்டும். மூடுவதற்கு வருகிறவர்களில் பலரிடம் ஒன்றுகூட இருப்பதில்லை. "எல்லாம் மோன் போட்டுத் தந்ததாக்கும்" என்பார்கள். அந்த மகன் இப்போது துபாயில் இருப்பான், அல்லது கணக்கைத் திறந்துகொடுத்ததே நம் கடையாக இருக்கும். ஆகவே மூடும் வேலையில் வருகிற சிக்கலில் பெரும்பகுதி, திறந்த அன்றே நம் மேசையில் உண்டானது. இதை முதலில் ஒப்புக்கொள்வோம்.

போனை வாங்கியதும் எதையும் அழுத்தாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: எதை நிறுத்த வேண்டும், எதற்காக? "நிப்பாட்ட" என்ற ஒரு சொல்லுக்குள் பல வேலைகள் ஒளிந்திருக்கின்றன. கொஞ்ச நாள் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்பது ஒன்று. அடியோடு அழிக்க வேண்டும் என்பது ஒன்று. தொலைந்த போனில் திறந்து கிடக்கும் வாட்ஸ்அப்பை மூடுவது வேறு. தன் பெயரில் வேறு யாரோ திறந்த போலிக் கணக்கை எடுக்கச் சொல்வது முற்றிலும் வேறு. நான்குக்கும் வழி வேறு வேறு. தவறான வழியில் போனால் மீட்க முடியாத சேதமும் வரும்.

பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் இப்போது ஒரே இடத்தில் இருக்கின்றன. செட்டிங்ஸுக்குள் அக்கவுண்ட்ஸ் சென்டர், அதில் பெர்சனல் டீடெயில்ஸ், அதில் அக்கவுண்ட் ஓனர்ஷிப் அண்ட் கன்ட்ரோல், அதற்குள் டீஆக்டிவேஷன் ஆர் டெலீஷன். விளவங்கோடு பக்கம் பல போன்களில் ஆப் மலையாளத்தில் இருக்கும். அப்படியானால் முதலில் மொழியை உங்களுக்கு வாசிக்க வருகிற மொழிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பாதி புரிந்து பாதி யூகித்து அழுத்துகிற வேலை இல்லை இது. அந்தக் கடைசித் திரையில் ஒருவரின் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் கணக்குகள் எல்லாம் வரிசையாகத் தெரியும். சில நேரம் அதே போனில் திறந்த மகனுடையதும் மகளுடையதும் சேர்ந்திருக்கும். எந்தக் கணக்கு என்பதை உரியவரிடம் படத்தைக் காட்டிக் கேட்டபிறகே தொடுங்கள். ஒன்றை அழித்தால் மற்றது தானாக அழியாது. இரண்டும் போக வேண்டுமென்றால் இரண்டு முறை செய்ய வேண்டும்.

டீஆக்டிவேட் என்பது கதவைச் சாத்துவது மட்டுமே. மறுபடி ஒருமுறை லாகின் செய்தால் கணக்கு உயிர்பெற்றுவிடும். வேறு ஏதோ ஒரு விளையாட்டு ஆப்பில் "பேஸ்புக் மூலம் நுழைக" என்று அழுத்தினாலும் அதே கதைதான். பேஸ்புக்கை டீஆக்டிவேட் செய்தபிறகும் மெசஞ்சர் தனியாக ஓடிக்கொண்டே இருக்க வழி உண்டு. "மூடின பிறகும் மெசேஜ் வருதே" என்று திரும்பி வருகிறவர்களுக்கு இதுதான் காரணம். இன்னொன்று: டீஆக்டிவேட் செய்யும்போது, ஒன்று முதல் ஏழு நாளுக்குள் தானாகவே திறந்துகொள்ளும்படி ஒரு தேர்வு வரும். அதைப் பார்க்காமல் அடுத்து அடுத்து என்று அழுத்தினால், ஒரு வாரத்தில் கணக்கு தானே எழுந்து நிற்கும். தானாகத் திறக்க வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இன்ஸ்டாகிராமில் வாரத்துக்கு ஒருமுறைதான் டீஆக்டிவேட் செய்ய விடுவார்கள். திங்கட்கிழமை மூடி, புதன்கிழமை மனம் மாறித் திறந்தவர், வியாழக்கிழமை மறுபடி மூட வந்தால் திரை மறுக்கும். போனில் பழுது ஏதும் இல்லை. நாள் கணக்கு முடியக் காத்திருக்க வேண்டும்.

டெலீட் கொடுத்தால் 30 நாள் அவகாசம் ஓடும். அதற்குள் யாராவது உள்ளே நுழைந்து நீக்கலை ரத்து செய்தால் எல்லாம் பழையபடி. 30 நாள் கழிந்தபின் திரும்பப் பெற வழியில்லை. சர்வரிலிருந்து முழுவதும் நீங்க 90 நாள் வரை ஆகலாம் என்று நிறுவனமே சொல்கிறது. ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர் கரையில் டெலீட் கொடுத்துவிட்டுப் போவார். வீட்டிலிருக்கும் பழைய போனில் அதே கணக்கு திறந்தே கிடக்கும். அதை எடுத்து விளையாடுகிற பிள்ளை, நீலப் பட்டன் எங்கே தெரிகிறதோ அங்கே அழுத்தும். நீக்கல் ரத்தாகி, அவர் கரை திரும்பும்போது கணக்கு பத்திரமாக இருக்கும். ஆகவே டெலீட்டுக்கு முன், அக்கவுண்ட்ஸ் சென்டரில் பாஸ்வேர்டு அண்ட் செக்யூரிட்டிக்குள் போய், எந்தெந்தப் போனில் லாகின் ஆகியிருக்கிறது என்ற பட்டியலைத் திறந்து, கையிலிருக்கும் போனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள்.

படங்கள் வேண்டுமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். கல்யாணப் படம், இறந்த அம்மாவின் படம் பேஸ்புக்கில் மட்டும் இருக்கிற வீடுகள் நிறைய. தகவலைப் பதிவிறக்குகிற இடத்தில் காலம் முழுவதையும், படத்தின் தரம் அதிகம் என்பதையும், பிரவுசரில் திறந்து பார்க்கக்கூடிய எச்டிஎம்எல் வடிவத்தையும் தேர்ந்தெடுத்துக் கோரிக்கை கொடுங்கள். கோப்பு தயாராகச் சில மணி நேரமோ ஓரிரு நாளோ ஆகும். தயாரானபின் நான்கு நாள்தான் எடுக்க விடுவார்கள். ஆகவே இது ஒரே உட்காரலில் முடிகிற வேலை இல்லை. "இன்று கோரிக்கை, நாளை மறுநாள் வந்து எடுத்தபின் டெலீட்" என்று சொல்லி அனுப்புங்கள்.

ஊர் திருவிழாப் பக்கம், கிளப் பக்கம், கடைப் பக்கம் என்று ஏதாவது அவர் பெயரில் ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். முழு அதிகாரம் உள்ளவர் அவர் ஒருவர்தான் என்றால், அவர் கணக்கோடு அந்தப் பக்கமும் போய்விடும். பேஜ் ஆக்சஸில் இன்னொருவருக்கு முழு அதிகாரம் கொடுத்து, அந்த ஆள் அழைப்பை ஏற்றுக்கொண்டதைக் கண்ணால் பார்த்தபிறகு மற்றதைச் செய்யுங்கள்.

இனி, எல்லாக் கடையிலும் வேலை நின்றுபோகிற இடத்துக்கு வருவோம்: ஓடிபி.

நம் மாவட்டத்தில் இது மற்ற ஊர்களைவிடக் கடினம். காரணம் நம் ஆட்களின் சிம் கார்டுகள். வளைகுடாவில் இருந்தபோது அந்த ஊர் நம்பரில் கணக்குத் திறந்திருப்பார்கள். விசா முடிந்து ஊர் வந்ததும் அந்த நம்பர் செத்துவிடும். எல்லையோர ஊர்களில் கேரள சிம் வைத்திருந்து, பின்னால் ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருப்பார்கள். கொச்சியிலோ மங்களூரிலோ தொழிலுக்குப் போன இடத்தில் வாங்கிய சிம்மும் உண்டு. துண்டிக்கப்பட்ட நம்பரைக் குறைந்தது 90 நாள் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது நம் நாட்டு நடைமுறை. 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதைத்தான் சொன்னது. அந்தக் கெடு கழிந்தால் நம்பர் வேறொருவர் கைக்குப் போகலாம். பழைய கணக்கில் அந்த நம்பர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால், "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று அழுத்துகிற அந்தப் புதியவருக்கு ஓடிபி போகும். மூட முடியாமல் கிடக்கிற கணக்கு, யாரோ ஒருவர் திறக்கக்கூடிய கணக்காக மாறுகிறது. "யூஸ் பண்ணாம சும்மாதானே கிடக்கு" என்று சொல்கிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லுங்கள்.

ஆள் வந்து நிற்கும்போது என்ன செய்யலாம்? ஏதாவது ஒரு போனில் கணக்கு இன்னும் திறந்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். வீட்டில் உடைந்த திரையோடு கிடக்கும் பழைய போன்கூடப் போதும். திறந்திருந்தால் லாக்அவுட் செய்யவே செய்யாதீர்கள். அந்த ஒரு வாசலும் அடைபட்டுவிடும். அடுத்து, அந்தப் போனின் செட்டிங்ஸில் கூகுள், அதற்குள் பாஸ்வேர்டு மேனேஜர் திறந்து பாருங்கள். யாருக்கும் நினைவில்லாத பாஸ்வேர்டு அங்கே சேமிக்கப்பட்டிருப்பது உண்டு. போனின் ஸ்கிரீன் லாக் தெரிந்தால் அது தெரியும். கிடைத்துவிட்டால் முதல் வேலையாக அக்கவுண்ட்ஸ் சென்டரில் இப்போதைய நம்பரையும் அவருடைய சொந்த மின்னஞ்சலையும் சேர்த்து, உறுதிப்படுத்திய பிறகு பழைய நம்பரை எடுங்கள். அதன்பிறகு மூடலாம்.

எங்கும் திறந்திருக்கவில்லை என்றால், முன்பு அந்தக் கணக்கைப் பயன்படுத்திய அதே போனில், வீட்டு இணையத்திலிருந்து மீட்பு முயற்சி செய்யச் சொல்லுங்கள். பழகிய போனிலிருந்து வருகிற கோரிக்கையை நிறுவனம் எளிதில் நம்பும். கடைக் கம்ப்யூட்டரிலிருந்து முயன்றால் புதிய இடம், புதிய கருவி என்று சந்தேகப்பட்டுக் கணக்கையே பூட்டிவிடும். ஒரே கம்ப்யூட்டரில் தினம் பல பேருடைய கணக்கைத் திறந்து மூடினால் சந்தேகம் இன்னும் கூடும். ஆகவே எப்போதும் வாடிக்கையாளர் போனிலேயே, அவருடைய டேட்டாவிலேயே செய்யுங்கள்.

அடையாள அட்டை கேட்டால், அட்டையில் உள்ள பெயரும் கணக்கிலுள்ள பெயரும் பொருந்த வேண்டும். "கடல் ராஜா", "குமரி மாஸ்" என்று பெயர் வைத்த கணக்கு இங்கேதான் மாட்டும். அப்படிப்பட்ட கணக்கில் சொந்த முகம் தெரிகிற படங்கள் இருந்தால், இன்ஸ்டாகிராமில் வீடியோ செல்ஃபி வழி திறக்கலாம். முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்லும். வெளிச்சமான இடத்தில், தொப்பியும் மாஸ்க்கும் இல்லாமல் எடுங்கள்.

சிம் கையிலிருந்தும் ஓடிபி வரவில்லை என்பது வேறு கதை. மெசேஜ் ஆப்பில் ஸ்பேம் அண்ட் பிளாக்டு என்ற அறையைத் திறந்து பாருங்கள். வாட்ஸ்அப்பிலும் பாருங்கள், பேஸ்புக் சில வேளை ஓடிபியை அங்கே அனுப்பும். "மறுபடி அனுப்பு" என்று நாலைந்து தடவை அழுத்தியிருந்தால் கடைசியாக வந்த ஓடிபி மட்டுமே செல்லும். அதிகம் அழுத்தினால் ஒரு நாள் வரை பூட்டிவிடும். டூப்ளிகேட் சிம் அன்றுதான் வாங்கியிருந்தால் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. மோசடியைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை 2022-இல் போட்ட ஏற்பாடு அது. சிம் பழுது என்று நினைத்து மறுபடி மாற்றப் போனால் இன்னும் ஒரு நாள் போகும். லாகின் கோடைப் போனிலேயே உருவாக்கித் தருகிற ஆத்தென்டிகேட்டர் ஆப் வைத்திருப்பவருக்கு ஆறு இலக்கக் கோடு தவறு என்றே வந்தால், போனின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். கையால் மாற்றி வைத்த கடிகாரம் சில நிமிடம் தப்பினாலும் கோடு செல்லாது. தானியங்கி நேரத்துக்கு மாற்றினால் சரியாகும்.

இத்தனைக்கும் வழியில்லாமல் போனால், கூகுளில் "பேஸ்புக் கஸ்டமர் கேர் நம்பர்" என்று தேடிக் கிடைக்கிற எண்ணுக்கு அழைக்க விடாதீர்கள். சாதாரணப் பயனாளிகளுக்கு அப்படி ஒரு தொலைபேசி உதவி எண்ணே கிடையாது. எதிர்முனையில் பேசுகிறவர் திரையைப் பகிரும் ஆப்பைப் போடச் சொல்வார், பிறகு வங்கிக் கணக்கு காலியாகும். பணம் கொடுத்தால் மீட்டுத் தருகிறேன் என்று டெலிகிராமில் வருகிறவர்களும் இதே வகைதான்.

அடுத்து சொல்லப்போவதைத் தயவுசெய்து இரண்டு முறை வாசியுங்கள். பயந்து, முகம் வெளுத்து, "இப்பவே இப்பவே அழிச்சிருங்க" என்று ஒரு பெண் பிள்ளையோ இளைஞனோ வந்து நின்றால், அழிக்காதீர்கள். தன் படத்தைத் திருடிப் போலிக் கணக்குத் திறந்தவன் மேல் புகார் கொடுக்கும்போது, எந்த உண்மைக் கணக்கைப் போலச் செய்திருக்கிறான் என்று காட்டச் சொல்வார்கள். உண்மைக் கணக்கு இருந்தால் வேலை சுலபம். மிரட்டல் வந்திருந்தால் அந்த மெசேஜ்கள்தான் சாட்சி, கணக்கை அழித்தால் சாட்சியும் போகும். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். போலிக் கணக்கின் பெயரை மட்டும் எழுதாமல் அதன் லிங்க்கை முழுதாகக் காப்பி செய்து வையுங்கள், பெயரை அவன் நொடியில் மாற்றிவிடுவான். பிறகு அந்தக் கணக்கில் மூன்று புள்ளியைத் தொட்டு, ஆள்மாறாட்டம் என்று ரிப்போர்ட் கொடுங்கள். அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டினால், 18 வயது நிறைந்தவர்களுக்கு ஸ்டாப் என்சிஐஐ டாட் ஆர்க் என்ற தளமும், அதற்குக் குறைந்தவர்களுக்கு டேக் இட் டவுன் என்ற சேவையும் இருக்கின்றன. படம் அவர்களுடைய போனைவிட்டு வெளியே போகாது. படத்தின் கைரேகை போன்ற ஓர் எண் மட்டும் போகும். அதை வைத்துப் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அந்தப் படம் ஏறாமல் தடுக்கின்றன. பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழையுங்கள். மற்றவற்றுக்கு சைபர் கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் புகார், அல்லது மாவட்ட சைபர் கிரைம் போலீஸ். கணக்கை மூடுவது இவ்வளவும் முடிந்தபிறகு. அந்தப் படத்தை உங்கள் கடைக் கம்ப்யூட்டரில் திறக்கவே வேண்டாம். கடையில் வேறு ஆட்கள் இருந்தால் உள்ளே ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள்.

வாட்ஸ்அப்பில் ஆப்பை எடுத்தால் கணக்கு போகாது. செட்டிங்ஸ், அக்கவுண்ட், டெலீட் அக்கவுண்ட் என்று போய், நாட்டுக் குறியோடு நம்பரைப் போட வேண்டும். குரூப்புகளும் பேக்கப்பும் அதோடு போகும், திரும்ப வராது. நம்பர் மட்டும் மாறுகிறது என்றால் டெலீட் வேண்டாம், சேஞ்ச் நம்பர் போதும். போன் தொலைந்தால் அதே நம்பரில் டூப்ளிகேட் சிம் வாங்கி வேறு போனில் வாட்ஸ்அப் திறந்தால் பழைய போனில் தானாக மூடிக்கொள்ளும். திருடியவன் டூ ஸ்டெப் பின் போட்டிருந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும், ஆனால் அவனும் வெளியேறிவிடுவான். டெலிகிராமைத் தளம் வழியாக அழிக்கும்போது கோடு எஸ்எம்எஸ்ஸில் வராது, டெலிகிராம் ஆப்புக்குள்ளேயே வரும். முதலில் ஆப்பை எடுத்துவிட்டவர்கள் இங்கே தவிப்பார்கள்.

யூடியூப் சேனலை மூட வருகிறவரின் கூகுள் கணக்கையே அழித்துவிடாதீர்கள். ஜிமெயில், போட்டோஸ் எல்லாம் சேர்ந்து போகும். சேனலைத் தனியாக யூடியூப் ஸ்டுடியோவில் நீக்கலாம்.

ஏழாம் வகுப்புப் பிள்ளை பிறந்த வருடத்தை 1990 என்று போட்டுத் திறந்த கணக்கு, பாஸ்வேர்டும் தெரியாது என்றால் பெற்றோர் கலங்க வேண்டியதில்லை. பேஸ்புக்குக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் 13 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்குக் குறைந்தவர் கணக்கு என்று புகார் செய்யத் தனிப் படிவம் உண்டு. அதற்குப் பாஸ்வேர்டு தேவையில்லை.

இறந்தவர்களின் கணக்கும் இதில் சேரும். 2017 ஒக்கிப் புயலில் ஆட்களை இழந்த தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக் கரைகளில் இதைப் பற்றிப் பேசவே மனம் வராது. ஆனால் யாரும் எடுக்காத கணக்கு, பிறந்தநாள்தோறும் நண்பர்களுக்கு நினைவூட்டல் அனுப்பிக்கொண்டே இருக்கும். குடும்பத்தார் இரண்டில் ஒன்று கேட்கலாம்: நினைவுக் கணக்காக மாற்றுவது, அல்லது நீக்குவது. நினைவுக் கணக்காக்கினால் படங்கள் இருக்கும், யாரும் உள்ளே நுழைய முடியாது, நினைவூட்டலும் நிற்கும். அதற்கு இரங்கல் அறிவிப்போ நினைவு அட்டையோகூடப் போதும். நீக்குவதற்கு நெருங்கிய உறவினர் கேட்க வேண்டும், இறப்புச் சான்றிதழ் இணைப்பதே எளிய வழி. பாஸ்வேர்டு தெரிந்த பையன் ஒருவன் உள்ளே போய் டெலீட் கொடுப்பதற்கு முன், இந்த இரண்டு வழியையும் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். படங்கள் வேண்டுமா என்பதை முடிவுசெய்ய வேண்டியவர் அவர்.

முறையாகக் கேட்டும் நிறுவனம் அசையவில்லை என்றால், 50 லட்சத்துக்கு மேல் பயனாளிகள் உள்ள ஒவ்வொரு தளமும் இந்தியாவில் குறைதீர் அலுவலர் வைத்திருக்க வேண்டும் என்பது 2021 தகவல் தொழில்நுட்ப விதி. புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆள்மாறாட்டம், அந்தரங்கப் படம் பற்றிய புகாரில் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை என்று அந்த விதி வந்தபோதே எழுதப்பட்டது. அவருடைய பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் ஜிஏசி டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் மேல்முறையீடு செய்யலாம். 2023 மார்ச்சிலிருந்து அது நடப்பில் இருக்கிறது. புகார் எண்ணைப் பத்திரமாக வைத்திருப்பவருக்கே இந்த வழி திறக்கும்.

கடைசியாக, திறக்கும் வேலை. இனி உங்கள் கடையில் ஒருவருக்குப் புதுக் கணக்குத் திறந்தால், கடை மின்னஞ்சலைப் போடாதீர்கள். பாஸ்வேர்டை அவரே தட்டட்டும், நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். பெயரும் பிறந்த தேதியும் அட்டையில் உள்ளபடி இருக்கட்டும். பயணம் போகிறவரிடம், நம்பர் மாறும் முன் கணக்கில் புது நம்பரைச் சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு பில் புத்தகத்தில் ஒரு சீட்டுக் கிழித்து, யூசர்நேம், எந்த நம்பர், எந்த மின்னஞ்சல் என்று எழுதிக் கொடுங்கள். பாஸ்வேர்டு அதில் வேண்டாம். மூடுகிறவருக்கும் இதே சீட்டுத்தான்: டெலீட் கொடுத்த தேதி, 30 நாள் முடிகிற தேதி, "அதுவரை எந்தப் போனிலும் திறக்கக் கூடாது" என்ற ஒரு வரி. சீட்டைப் போன் கவருக்குள் செருகி அனுப்பாதீர்கள், போன் தொலைந்தால் அதுவும் போகும். ரேஷன் கார்டு வைக்கிற கவரில் வைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
குமரி மாவட்டத்தில் இதே தொழிலில் இருக்கும் சிலர்